இலகு ரிவால்வரா, கனத்ததா? .32-ஆ, .22-ஆ?

பல்லடம் பக்கமும் சிவகிரிப் பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட 2024, 2025 சம்பவங்களுக்குப் பிறகு, கொங்குப் பகுதியில் நாலு பேர் கூடினால் “ஒரு ரிவால்வர் லைசென்ஸ் போட்டா என்னங்க?” என்ற பேச்சு வந்துவிடுகிறது. சரி, லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தை அங்குலத்திலோ மி.மீ.யிலோ சொல்வதுதான் கேலிபர்; .32, .22 எல்லாம் அந்தக் கணக்கு. அமெரிக்கக்காரருக்குக் கேலிபர் ஏராளம். நமக்கு .38, 9 மி.மீ. இரண்டுமே தடை செய்யப்பட்ட ரகம். கைக்கு எட்டுவது .32-உம் .22-உம்தான். ஆகவே தோட்டாவைப் பற்றி அதிகம் யோசிக்க இடமில்லை, ஃப்ரேமைப் பற்றி யோசிக்கலாம்.

தோட்டாக்களை வைக்கும் சுழல் உருளைதான் சிலிண்டர், அதைத் தாங்கி நிற்கும் சட்டம்தான் ஃப்ரேம். சிலிண்டர் பருத்தால் அதுவும் பெருக்க வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1896-இல் .32 லாங் தோட்டாவையும் அதற்கேற்ற ‘ஐ’ ஃப்ரேமையும் சேர்த்தே கொண்டுவந்தது. அதில் 6 ரவுண்டு, அதாவது 6 தோட்டா. 1950-இல் .38 ஸ்பெஷல் தோட்டாவுக்காகச் சற்றே பெருக்கிய ‘ஜே’ ஃப்ரேமில் 5 ரவுண்டுதான் அடங்கியது. அதே ஜே ஃப்ரேமில் .32 என்றால் 6, .22 என்றால் 8 வரை போடலாம். துப்பாக்கி பெருக்காமலே ரவுண்டு கூடுவதுதான் சின்ன கேலிபரின் முதல் லாபம்.

நம் ஊரில் .32-க்குக் கான்பூர் தயாரிப்புகள் இரண்டை ஒப்பிடலாம். 2014-இல் வந்த நிர்பீக் டைட்டானியம் கலவையில் செய்தது, சுமார் 500 கிராம். பழைய பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்ளி போல நடுவில் மடித்துத் திறக்கும். பெண்களுக்கென்றே விளம்பரம் செய்தார்கள், விலையோ அப்போதே லட்சத்துக்கு மேல். 2023-இல் வந்த பிரபல் 675 கிராம், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும்.

ஒரே தோட்டாவைச் சுட்டால், கணக்குப்படி நிர்பீக்கில் (சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும்) உதைப்பின் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆனால் .32 லாங் சாதுவான தோட்டா, உதைப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. உண்மையான தொல்லை டிரிகர். டபுள் ஆக்‌ஷனில், அதாவது ஒரே இழுப்பில் சுத்தியலை ஏற்றி விடுவிக்கும் முறையில், அதை இழுக்கக் கிலோக் கணக்கில் விசை வேண்டும், துப்பாக்கியோ அரைக் கிலோ. இழுக்கும்போதே குறி நகர்ந்துவிடும். எடை குறைந்தால் லாபம், நாளெல்லாம் இடுப்பில் சுமப்பவருக்கு. தோட்டத்து வீட்டு பீரோவில் கிடக்கப்போகிற துப்பாக்கிக்கு இலகு எதற்கு? என் ஓட்டு கனத்த ஃப்ரேமுக்கே.

.22-இல் நிடர் என்ற ரிவால்வர் இருக்கிறது: 250 கிராம், 8 ரவுண்டு. கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் .22 லாங் ரைஃபிளின் குண்டு 40 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு), .32-இன் குண்டு 98 கிரெய்ன். அதற்கு மேல், .22 குட்டைக் குழலில் வேகத்தையும் இழக்கும். ரிம்ஃபயர் என்பதால் பற்றும் மருந்து அடிவிளிம்பைச் சுற்றி இருக்கிறது. அது எல்லா இடத்திலும் சீராகப் பரவாவிட்டால் தோட்டா வெடிக்காமல் போகும். ரிவால்வரில் மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்த ரவுண்டு வந்துவிடும் என்பது ஆறுதல். சுடுதளத்தில் பழக .22 அருமை, செலவும் கம்மி. உயிர்காப்புக்கு நான் சொல்ல மாட்டேன்.

(காட்டுப்பன்றிக்கு ரிவால்வர் கேட்பவர்களும் உண்டு. அது பன்றிக்கும் போதாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் நமக்கும் ஆகாது.)

அப்புறம், லைசென்ஸ் ஆள் பேரில்தான் தருகிறார்கள், வீட்டின் பேரில் இல்லை. திருப்பூரில் கம்பெனி நடத்தும் மகன் பேரில் எடுத்து, தோட்டத்தில் தனியாக இருக்கும் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போவதைச் சட்டம் ஒத்துக்கொள்ளாது. அப்பா பேரிலேயே எடுப்பதானால், காலியான துப்பாக்கியின் டிரிகரைக் கடையில் அவரே இழுத்துப் பார்க்கட்டும். எழுபது வயது விரலுக்கு அது மசியவில்லை என்றால் பிரபலும் வேண்டாம், நிர்பீக்கும் வேண்டாம்.