மாமல்லபுரம் போகும் வழியில் எங்கே இறங்கலாம்? கலாக்ஷேத்ரா, சோழமண்டலம், தட்சிணசித்ரா

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் மூன்று கலை மையங்களைத் தாண்டிப் போகிறார்கள்: திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா, ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. மூன்றையும் முடித்துவிட்டு மாமல்லபுரத்தையும் அன்றே பார்க்கலாம் என்று கிளம்பினால் எதுவும் மனதில் நிற்காது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தட்சிணசித்ராவையே சொல்வேன். அதற்கான காரணம் பல்லவர் செதுக்கிய கல்லிலேயே இருக்கிறது.

நடனமும் இசையும் கற்பிக்கும் கலாக்ஷேத்ராவை ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கினார். பரதநாட்டியம் இன்றைய மேடை வடிவத்தைப் பெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நெசவுக்கும் துணியில் வரையும் கலம்காரி ஓவியத்துக்கும் அங்கே தனிக்கூடங்கள் இருக்கின்றன. ஆனால் அது அடிப்படையில் மாணவர்கள் படிக்கும் இடம். வகுப்பு நேரத்துக்கு நாம்தான் இணங்கிப் போக வேண்டும். அதன் முழு அழகும் தெரிவது நிகழ்ச்சி நடக்கும் மாலையில்தான். சம்பந்தரும் அப்பரும் பாடிய மருந்தீசுவரர் கோயிலும் அருகிலேயே இருப்பதால், அந்த இரண்டுக்குமாக ஒரு தனி மாலையை ஒதுக்குவது நல்லது.

சோழமண்டலம் 1966இல் உருவானது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த கலைஞர்களும், பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) முதலான கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைக் கொண்டு நிலம் வாங்கிக் குடியேறினார்கள். கலைஞர்கள் தங்கள் சொந்த உழைப்பில் ஓர் ஊரையே அமைத்துக்கொண்டது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஜானகிராம், நந்தகோபால் ஆகியோரின் உலோகச் சிற்பங்களைப் பார்க்கவே போகலாம். நவீன ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவருக்கு மூன்றில் இதுதான் முதலிடம். ஆனால் மாமல்லபுரத்துக்கு முன்னோட்டமாக இது அமையாது.

தட்சிணசித்ரா 1996இல் திறக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகள் பலவற்றைப் பிரித்தெடுத்து வந்து இங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தூண்களையும் கேரள வீட்டின் மரவேலையையும் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் கூரைகளை அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் உத்தரம் எங்கே உட்காருகிறது, கைமரம் எப்படிச் சரிகிறது, ஓலை எந்த இடத்தில் வளைந்து இறங்குகிறது என்று நின்று கவனியுங்கள். ஆந்திரக் கடலோரத்து வட்ட மண்வீட்டுக்கு மட்டுமே கால் மணி நேரம் கொடுக்கலாம்.

பிறகு மாமல்லபுரத்தில் பாறையில் செதுக்கிய ஐந்து ரதங்களுக்குப் போங்கள். திரௌபதி ரதம் அப்படியே ஓலைக் குடிசை. பீம ரதத்தின் நீண்ட வளைகூரை, மரச்சட்டத்தின் மேல் வேய்ந்த கூரையின் கல் வடிவம். சகாதேவ ரதத்தின் பின்புறம் யானை முதுகைப் போல வளையும் தூங்கானைமாடம். மரத்திலும் ஓலையிலும் கட்டிப் பழகிய கைகளின் அறிவுதான் அங்கே பாறையில் ஏறியிருக்கிறது. மண்டகப்பட்டுக் குகைக் கல்வெட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் கோயில் சமைத்ததாகப் பெருமையோடு சொல்கிறான். அதுவரை கோயில்கள் எவற்றால் எழுந்தன என்பதும் அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த மரக்கோயில்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றின் கட்டுமான முறையை ஓரளவேனும் கண்ணால் காண, இந்தச் சாலையில் தட்சிணசித்ராதான் இருக்கிறது.

அதிலும் குறை உண்டு. தெருவும் அக்கம்பக்கமும் இல்லாமல் வீடு மட்டும் நிற்கிறது, அடுப்பு எரிவதில்லை. விடுமுறை நாட்களில் கூட்டமும் அதிகம். ஆனாலும் இடிபட இருந்த வீடுகளைக் காப்பாற்றியதற்காக அதன்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ராவுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே அங்கே போய்விட்டு, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் சாளுவன்குப்பத்தில் நிறுத்துங்கள். அங்குள்ள பல்லவர் காலப் புலிக்குகையோடு திரும்பிவிடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பக்கத்தில் அகழ்ந்தெடுத்த முருகன் கோயிலில், பல்லவருக்கு முந்தைய செங்கல் கட்டுமானத்தையே பார்க்கலாம். ரதங்களைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.