பினாங்கு நீல மாளிகை: நான் சுவரைப் பார்த்த கதை

தங்கச்சி பினாங்கில் இருக்கிறாள். போன முறை போயிருந்தபோது, "பீச்சுக்கெல்லாம் அப்புறம் போகலாம்ணா, உனக்குன்னே ஒரு பழைய வீடு இருக்கு" என்று ஜார்ஜ் டவுன் லீத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சியோங் ஃபாட் சீ மாளிகை. நீல மாளிகை என்றால்தான் பலருக்கும் தெரியும்.

உள்ளே போவதற்கு முன்பே நான் சுவரருகே நின்றுவிட்டேன். காரணம் இருக்கிறது. திண்டிவனம் பக்கத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு செங்கலும் சுண்ணாம்பும். நாலு வருஷம் முன்னால் ஒரு பெயின்ட் கான்ட்ராக்டர் பேச்சைக் கேட்டு அதன்மேல் எமல்ஷன் அடித்தோம். இரண்டாவது மழைக்கே அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்துவிட்டது. சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லை.

இங்கே அடித்திருப்பது சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்த பூச்சு. ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். பினாங்கின் மழைக்கும் புழுக்கத்துக்கும் இதுதான் சரி. அந்தக் காலத்தில் அவுரிச் சாயம் இந்தியாவிலிருந்து வந்தது என்று சுற்றிக்காட்டியவர் சொன்னதும் தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் பக்கத்து வயல்களில் விளைகிற செடி! பாட்டி வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலம்தான் போடுவாள். இவர்கள் வீட்டையே முக்கி எடுத்திருக்கிறார்கள்.

வீட்டைக் கட்டிய சியோங் ஃபாட் சீயின் கதையும் லேசுப்பட்டதில்லை. 1840-இல் சீனாவின் குவாங்டாங்கில் ஹக்கா என்ற சீனச் சமூகத்தின் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைக்க வந்த இடம் படாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. தண்ணீர் சுமந்து தொடங்கியவர் பெரிய வியாபாரியாகி, 1892-இல் சீனாவின் யான்டாய் நகரில் ஒயின் ஆலை வைத்து, பினாங்கில் சீனத் துணைத்தூதராகவும் இருந்தார். மனைவிகள் பலர், இந்த வீட்டில் வாழ்ந்தவர் ஏழாவது மனைவி.

38 அறை, 5 முற்றம், 7 மாடிப்படி, 220 ஜன்னல். எண்ணிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. நடு முற்றத்தில் மட்டும் வெகுநேரம் நின்றேன். கருங்கல் பாவிய தரை, ஸ்காட்லாந்திலிருந்து வந்த வார்ப்பிரும்புத் தூண்கள், பொன்பூச்சு மின்னும் சீன மரவேலை. சீனர்களின் வாஸ்துவான ஃபெங் சுயிப்படி மழைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, உடனே ஓடிவிடாமல் நின்று போகவேண்டுமாம், தண்ணீர்தான் செல்வம். நம்மூர் வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தால் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்.

கூரை ஓரத்துப் பூக்களை விட்டுவிடாதீர்கள். தூரத்தில் பார்த்தால் சுதை வேலை மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் பீங்கான் கிண்ணங்களைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ஒவ்வொரு இதழாக ஒட்டியிருக்கிறார்கள்.

1916-இல் அவர் இறந்தபோது, கடைசி மகன் இருக்கும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று உயிலில் எழுதியிருந்தார். அந்த மகன் இறந்தது 1989-இல். அதற்குள் பணமும் கரைந்து, வீடு வாடகைக்குப் போய், சிதிலமாகிவிட்டது. எங்கள் ஊரில் உயில் இல்லாமல் பாகம் பிரித்தே இடிந்த வீடுகள் அதிகம். இங்கே அந்த ஒரு வரியால் வீடு பாழாகவும் செய்தது, துண்டுபோடாமல் தப்பிக்கவும் செய்தது. பிறகு லாரன்ஸ் லோ என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞரும் நண்பர்களும் வாங்கி, பழைய முறையிலேயே செப்பனிட்டார்கள். 2000-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

இப்போது இது ஹோட்டலும்கூட. அதனால் தங்குபவர்களின் அறைகளுக்குள் போகமுடியாது. முழு வீட்டையும் பார்க்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். தனியாகச் சுற்றுவதைவிட விவரம் சொல்ல ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சாப்பாட்டுக்கு நாங்கள் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விட்டோம். என் கணக்கில் ஐந்துக்கு நாலரை.

ஊருக்கு வந்ததும் சுண்ணாம்புக்குச் சொல்லிவிட்டேன். பழைய எமல்ஷனைச் சுரண்டத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.