டிஃபிட் டெஸ்ட் சர்வீஸ்: அஞ்சுக்கு மூணு ஸ்டார், அதுல ரெண்டரை ஃபீல்டு பசங்களுக்கு

டெக்சாஸ்ல மிட்லண்ட் பக்கம், வுல்ஃப்கேம்ப்ங்கற ஷேல் பாறையில ஒரு எண்ணெய்க் கிணத்துக்கு டிஃபிட் (பாறைய லேசா பிளந்து பிரஷர் பாக்குற டெஸ்ட்டு) எடுத்து, அத வச்சு ஃப்ராக் மாடல, அதாவது தண்ணி அடிச்சா பாறை எப்படிப் பிளக்கும்னு கணக்கு போடற மாடல, காலிபரேட் பண்ணித் தர ஒரு கம்பெனிய கூப்பிட்டோம், பேரு வேணாம்.

ஃபீல்டு பசங்க தங்கம். கொஞ்சூண்டு தண்ணிய பம்ப் பண்ணி பாறைய லேசா பிளந்துட்டு, பம்ப நிறுத்தி வால்வ மூடிட்டு பிரஷர் இறங்குறத பாத்துட்டே இருக்கணும், அவ்ளோதான் டெஸ்ட்டு, ஆனா ஷேல்ல தண்ணி லேசுல கசியாது, நாள் கணக்கா யாரும் வால்வுல கை வைக்கக் கூடாது. பத்து நாள் ஒருத்தரும் வைக்கல.

ரிப்போர்ட்ட தொறந்ததும்தான் கடுப்பு. பிரஷர் கேஜ் வெல்ஹெட்ல, அதாவது கிணத்து வாயில, வெயில்ல மொட்டையா கெடந்திருக்கு. பகல்ல சூடு, ராத்திரி குளிரு, அதுக்கேத்த மாதிரி ரீடிங்கும் ஆடுது. பிளவு எப்ப மூடுதுன்னு பாக்கற ஜி ஃபங்ஷன் ப்ளாட்ல, பிரஷர் இறங்குற வேகத்தக் காட்டற டெரிவேட்டிவ் கர்வ் ஒட்டகக் கூட்டம் மாதிரி, திமில எண்ணினா எத்தன நாள் ஆச்சுன்னு சொல்லிடலாம். அதுல ஒரு திமில புடிச்சுக்கிட்டு இங்கதான் பிளவு மூடுதுன்னு எழுதிருக்காங்க! எழுதினவங்க டைம் ஆக்சிஸ பாக்கவே இல்லையா?

கிணறு 9,500 அடி ஆழம், மேல கேஜ் காட்டுனதோட அடிக்கு 0.433 பிஎஸ்ஐன்னு தண்ணி எடைய சேத்தா ஐசிப் (பம்ப நிறுத்தின உடனே இருக்கற பிரஷர்) கிணத்தோட அடிப்பக்கம் 7,200 பிஎஸ்ஐ கிட்ட வருது. அவங்க சொன்ன க்ளோஷர், அதாவது பிளவு மூடுற பிரஷர், 6,400, அப்ப ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம், அதாவது நெட் பிரஷர், 800. கேஜ் ஆட்டத்த கழிச்சுட்டு கம்ப்ளையன்ஸ் மெத்தட்ல (பிளவோட ரெண்டு சுவரும் தொட ஆரம்பிக்கறத வச்சு பாக்கறது) நாங்க போட்டா க்ளோஷர் 6,900, நெட் பிரஷர் வெறும் 300. அந்த 800க்கு மாடல இழுத்துட்டு வரணும்னு டஃப்னஸ (பாறை பிளக்காம எதுத்து நிக்கற பலம்) கண்ட மேனிக்கு ஏத்தி விட்டிருக்காங்க. கர்வ் மேல கர்வ் அச்சு அசலா உக்காந்துருச்சு, பிளவுதான் குட்டையா குண்டா நிக்குது. இத நம்பி அடுத்த கிணத்த கிட்டக்க போட்டிருந்தா, நெசத்துல நீளமா ஓடுற பிளவு நேரா அதுல போய் முட்டியிருக்கும், அந்தச் செலவு யார் தலையில?

கேட்டா "கர்வ் மேட்ச் ஆகுதே"ங்கறாங்க. க்ளோஷர், டஃப்னஸ், லீக்ஆஃப் (பாறைக்குள்ள தண்ணி கசியறது) மூணையும் இஷ்டத்துக்கு திருப்பினா எந்த கர்வும் மேட்ச் ஆகும்ங்க.

ரெண்டு மீட்டிங் கழிச்சு காசு வாங்காம திருப்பி பண்ணிக் குடுத்தாங்க, அதுக்குத்தான் மிச்ச அரை ஸ்டார். இந்த மாதிரி வேல குடுக்கறவங்க கேஜுக்கு இன்சுலேஷன் சுத்தச் சொல்லுங்க, ரா டேட்டாவ கையோட வாங்கிடுங்க, எங்களுக்கு அது வரவே மூணு மெயில் ஆச்சு.