கேள்வி கேட்கட்டும், மதிப்பெண் போட வேண்டாம்: குரல்வழிச் செயற்கை நுண்ணறிவுடன் சில பருவங்கள்

வீட்டிலிருந்து எழுதிவரும் ஒப்படைப்பைப் பார்த்து மாணவருக்கு என்ன புரிந்திருக்கிறது என்று சொல்லும் காலம், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. முதலாண்டு இயற்பியல் நடத்தும் எனக்கு அதற்கு மாற்று வாய்மொழித் தேர்வுதான் என்பதில் ஐயம் இருக்கவில்லை. நேரம்தான் இல்லை. ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலே 120 பேருக்கு 20 மணி நேரம் ஆகிவிடும். அதனால்தான் குரலில் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். பல பருவங்கள் ஓடிவிட்ட பிறகு என் முடிவு இது: கேள்வி கேட்கும் வேலையை அதனிடம் விடலாம், மதிப்பெண் போடும் வேலையை விடக் கூடாது.

மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? கணக்குகளை மளமளவென்று போடுகிறவர்கூட இதற்குப் "பூஜ்ஜியம்" என்பார். ஒரு மாணவியும் அப்படித்தான் சொன்னார். விடைத்தாளாக இருந்தால் அங்கேயே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிட்டு நகர்ந்திருப்பேன். செயலியோ, "திசைவேகமும் பூஜ்ஜியம், முடுக்கமும் பூஜ்ஜியம் என்றால், அடுத்த கணம் பந்து என்ன செய்யும்?" என்று கேட்டது. பதிவில் நீண்ட இடைவெளி. பிறகு, "அங்கேயே நிற்கும்... இல்லை, நிற்காதே, கீழே வருமே. அப்படியென்றால் முடுக்கம் இருக்கிறது. அதே 9.8தான், கீழ்நோக்கி" என்றார். அவர் எங்கே தடுக்கினார், எதைப் பிடித்து எழுந்தார் என்பது எந்த விடைத்தாளிலும் எனக்குக் கிடைத்திராது.

கணக்குப் போடத் தெரிவதும் கருத்துப் புரிவதும் வேறு வேறு என்பது இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பழைய செய்தி. கணக்கில் தேறியவர்களும் அடிப்படைக் கருத்துக் கேள்விகளில் தடுமாறுவதைக் காட்டிய அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனிஸ் குழுவினரின் ஆய்வைப் படித்துவிட்டு, அதே வகைக் கேள்விகளைத் தம் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மஸூர், பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்விகள் கொள்குறி வகை. மாணவர் சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்க அவற்றால் முடியாது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, பொறுமையின்மை. பேச்சில் சிறு இடைவெளி விழுந்தாலே பதில் முடிந்துவிட்டது என்று செயலி உள்ளே புகுந்துவிடும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீண்டு வளம் பெறுகின்றன என்று 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். நம் பழைய கெட்ட வழக்கத்தை இயந்திரமும் கற்றுக்கொண்டுவிட்டது போலும்! வாயைத் திறக்க விடாமல் செய்கிறது என்று மாணவர்கள் புகார் சொன்னார்கள். சிலர் யோசிக்கும் நேரமெல்லாம் "ம்ம்ம்" என்று இழுத்துச் சமாளித்தார்கள். பேசி முடித்ததும் பொத்தானை அழுத்தும் முறைக்கு மாறியபின்தான் நிம்மதி.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. "உச்சியிலும் ஈர்ப்பு விசை இருக்கத்தானே செய்கிறது?" என்று செயலி கேட்டால் யார்தான் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள்? விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்து ஊட்டிவிட்டு, பிறகு "மிக அருமை!" என்று பாராட்டும். பாராட்டாதே, விடையைக் கசியவிடாதே, ஒரே சமயத்தில் இரண்டு கேள்வி கேட்காதே என்று கட்டளைகளை இறுக்கிக்கொண்டே வந்தேன். பெரும்பாலும் சொன்னபடி கேட்கிறது. உரையாடல் நீண்டால் பழைய குணம் தலைகாட்டும்.

மதிப்பெண் விஷயத்தில் சமரசமே இல்லை. மாணவரின் பேச்சைச் செயலி எழுத்தாக்கித் தரும் ஒரே எழுத்துப் படியை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு விதமாக மதிப்பெண் போட்டது. சரளமாகப் பேசியவர்கள் பக்கம் அதற்கு ஒரு சாய்வும் உண்டு. அந்த எழுத்துப் படியே நம்பத்தக்கதல்ல. முக்கோணவியல் 'சைன்' எது, கூட்டல் கழித்தல் 'சைன்' எது என்று தெரியாமல் சரியான விடையைப் பிதற்றலாக்கிவிடும். அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறிதல் மென்பொருள்களைச் சோதித்து 2020-இல் வெளியான ஆய்வில், வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்குச் சராசரியாக 19 பிழையும் கறுப்பினத்தவர் பேச்சில் 35 பிழையும் வந்தன. உச்சரிப்புக்காக ஒருவர் மதிப்பெண் இழப்பதை எந்த ஆசிரியர் ஏற்பார்? அதனால் ஒலிப்பதிவைக் கேட்டு நானே மதிப்பெண் போடுகிறேன். இதனால் மிச்சமாகும் நேரம் நான் நினைத்த அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குரலிலிருந்து 'தன்னம்பிக்கை அளவு' கணித்துத் தருகிறேன் என்றொரு வசதியும் இருந்தது. முதல் வேலையாக அதை அணைத்தேன். கல்வி நிலையங்களில் இப்படி உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி முதல் தடையே இருக்கிறது. திக்குவாய் உள்ளவர்களுக்கும் இயந்திரத்திடம் பேசக் கூசுபவர்களுக்கும் என்னிடம் நேரில் பேசவோ எழுதிக் காட்டவோ வழி வைத்திருக்கிறேன்.

நான் எதிர்பாராத பலன் ஒத்திகையில் கிடைத்தது. மதிப்பெண் இல்லாத பயிற்சிச் சுற்றைத் திறந்துவைத்தேன். வகுப்பில் வாய் திறக்காதவர்கள்தான் அதை அதிகம் பயன்படுத்தினார்கள். எத்தனை முறை தவறாகச் சொன்னாலும் யாரும் சிரிக்கப் போவதில்லை அல்லவா? பயிற்சியில் தடுமாறிய இடங்களைத் தாங்களே குறித்துக்கொண்டு வந்து, "சார், இது மட்டும் பிடிபடவில்லை" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

தீராத தலைவலி ஒன்று உண்டு: பக்கத்தில் இன்னொரு கைப்பேசியைத் திறந்துவைத்து அதில் வரும் விடையை அப்படியே வாசிப்பவர்கள். திக்கல் திணறல் இல்லாமல் பாடநூல் வாக்கியங்களாகப் பேச்சு வந்தால் சந்தேகம் வந்துவிடும். சந்தேகத்தை வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது. ஆகவே அப்படிப்பட்டவர்களை நேரில் அழைத்து, அதே பந்தைக் கரும்பலகையில் வரைந்து விசைகளை அம்புக்குறியிட்டுக் காட்டச் சொல்கிறேன். மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.