கட்டியைச் சூழ்ந்த திசுவைத் தாக்கும் மருந்துகள்: வாய்ப்புற்றுநோயில் எது மேல்?

வாய்ப்புற்றுநோய்க்கு அறுவை செய்யும் மருத்துவர் கட்டியை மட்டும் எடுப்பதில்லை. நுண்ணோக்கியில் பார்க்கும்போது விளிம்பில் 5 மில்லிமீட்டராவது புற்றணு இல்லாத திசு இருக்கும்படி சுற்றுப்புறத்தையும் சேர்த்தே வெட்டுகிறார். நோய் திரும்பி வந்து, கத்திக்கு இடமில்லாமல் போனபின், அதே சுற்றுப்புறத்தை மருந்தால் தாக்க முடியுமா என்பதே இங்கு கேள்வி.

முதலில் நம்பிக்கை அளித்தது, கட்டிக்கு உணவூட்டும் இரத்தக் குழாய்களை முடக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்து. தலை, கழுத்துப் புற்றுநோய் திரும்பிய 403 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், கீமோவோடு அதையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப்பேர் உயிருடன் இருந்த காலம்) 12.6 மாதங்கள், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 11 மாதங்கள். புள்ளியியல் கணக்கில் இந்த வேறுபாடு நிற்கவில்லை, கடுமையான இரத்தக்கசிவோ கூடியது.

கட்டியைச் சூழும் மற்றொன்றான நார்த்திசுவின் கதை வேறு. பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்புறம் பலகைபோல் இறுகி, இரண்டு விரல் நுழையுமளவுக்குக்கூட வாய் திறக்காதவர்களை நம் நாட்டுப் புற்றுநோய்ப் பிரிவுகளில் எளிதில் காணலாம். இலக்கு கண்ணுக்கே தெரிந்தும், வாய்ப்புற்றில் அதைத் தாக்கும் மருந்து எதுவும் இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை.

ஆகவே உண்மையான போட்டி நோயெதிர்ப்பு மருந்துகளுக்குள்தான். கட்டி தன்னருகே வரும் டி அணுக்களுக்கு, அதாவது புற்றணுவைத் தாக்கும் வெள்ளணுக்களுக்கு, போட்டுவைக்கும் தடையை நிவோலுமாப் நீக்குகிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் அது இடைநிலை ஆயுளை, வழக்கமான மருந்துகள் தந்த 5.1 மாதங்களிலிருந்து 7.5 மாதங்களாக உயர்த்தியது; ஆனால் இரு வாரங்களுக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் என்னும் முழு அளவின் விலை நம்மில் பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராமைக் கொடுத்துப் பார்த்தது. உடன் கொடுத்தவை மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்னும் மூன்று மாத்திரைகள். குறைந்த அளவில் இடைவிடாது கொடுக்கும் இம்முறையும் இரத்தக் குழாய்களையும் அழற்சியையும் அடக்கும் நோக்கம் கொண்டதே. மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3 விழுக்காட்டினரும், நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 விழுக்காட்டினரும் ஓராண்டைக் கடந்தனர்.

கையில் பணம் குறைவான நோயாளிக்கு நான் இதையே முன்வைப்பேன். ஆனால் 151 பேர் கொண்ட அந்த ஆய்வில் முழு அளவு நிவோலுமாப் பெற்ற பிரிவே இல்லை. எனவே 20 மில்லிகிராம் 240க்கு ஈடு என்று யாராவது சொன்னால், அதற்கு அந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது.