புதுச்சேரித் தேவாலயங்களின் உள் அலங்காரம்: ஒரு வழிகாட்டி நடையைப் பற்றி

தேவாலயங்களின் உள் அலங்காரத்தை மட்டுமே காட்டும் இரண்டு மணி நேர நடை ஒன்றில் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை கலந்துகொண்டேன். 'விக்டோரியா காலத் தேவாலய அழகு' என்ற விளம்பரமே முதல் குறை. விக்டோரியா அரசி 1901-இல் மறைந்தார்; தெற்கு புல்வாரில் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவோ 1907-இல்தான், அதுவும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ், கட்டி முடிக்கப்பட்டது. ஆயினும் இங்கிலாந்தில் பியூஜின் போன்ற கட்டடக் கலைஞர்கள் மீட்டெடுத்த, ஐரோப்பிய இடைக்காலத்துக் கோதிக் கட்டடப் பாணியின் உறவு இங்குள்ள கூர்முனை வளைவுகளில் தெரிவதால், பெயரைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

வழிகாட்டி தம் திறமையைக் காட்டியது பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் முன்னால்தான். 28 புனிதர்களின் உருவங்களைப் பெயர் சொல்லி எண்ணிக் கடந்துவிடாமல், எங்களை அமரவைத்துத் தொழில்நுட்பத்தை விளக்கினார். இக்கலையில் நிறம் பெரும்பாலும் மேலே பூசப்படுவதன்று; கண்ணாடியை உருக்கும்போதே, நீலத்துக்குக் கோபால்ட் என்பதுபோல, உலோக ஆக்சைடுகளைச் சேர்ப்பதால் அது கண்ணாடியின் உடலிலேயே கலந்துவிடுகிறது. முகத்தின் வரிகளும் ஆடை மடிப்பின் நிழலும் மட்டும் கரும்பழுப்பு மையால் தீட்டப்பட்டுச் சூளையில் சுடப்படுகின்றன. துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகளே ஓவியத்தின் கோடுகளாகவும் அமைகின்றன என்று அவர் சுட்டிக்காட்டிய பிறகு, நான் பலமுறை பார்த்த சாளரங்களே புதியவையாகத் தெரிந்தன.

துய்மா வீதியில் கப்ஸ் கோயில் என்று அழைக்கப்படும் தேவாலயத்துக்குப் பத்தே நிமிடம் ஒதுக்கியது எனக்கு வருத்தம். 1855-இல் எழுந்த அதுதான் விளம்பரத்தின் காலத்துக்கு உண்மையில் பொருந்துவது. வேடிக்கை என்னவென்றால் அதில் கோதிக் சாயலே இல்லை, கிரேக்க உரோமானியச் சாயலும் குவிமாடமுமே உண்டு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்தால் மெருகேற்றிய அதன் சுவர்களை, செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்த ஒப்புமையை வழிகாட்டி தொடவே இல்லை.

கட்டணம் நியாயமானது, குழு பன்னிரண்டு பேரைத் தாண்டவில்லை. உள்ளே குரல் எதிரொலிப்பதால் முன்வரிசையில் நின்றால்தான் விளக்கம் தெளிவாகக் கேட்கும். உயரத்திலுள்ள கண்ணாடி வேலைப்பாட்டைக் காண ஒரு சிறிய தொலைநோக்கியைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது.