‘பழைய தீஃப்தான், கிராபிக்ஸ் மட்டும் புதுசு’ என்றால் நம்பி வாங்காதீர்கள்

போன மாதம் திருகோணமலை டவுனில் ஒரு கடையில் பிஎஸ்4க்கான (பிளேஸ்டேஷன் 4) ‘தீஃப்’ டிஸ்க்கை 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். காவலாளிகள் கண்ணில் படாமல் ஒளிந்துபோய்த் திருடும் கேம் அது. “தம்பி, பழைய கேம்தான், கிராபிக்ஸ் மட்டும் புதுசு” என்றார் கடைக்காரர். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் காசை எடுத்தேன். அது உண்மையே இல்லை.

பழைய தீஃப் 1998இல் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் செய்தது. உவர்மலையில் பெரியம்மா வீட்டில் அண்ணாவின் கொம்பியூட்டரில் விளையாடுவோம். ஹெட்செட் கிடையாது, இரண்டு சின்ன ஸ்பீக்கர்தான். காவலாளியின் காலடி எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்க, அந்தப் புழுக்கத்திலும் ஃபேனை நிறுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். கம்பளத்தில் நடந்தால் சத்தம் வராது. பளிங்கிலோ இரும்பிலோ கால் வைத்தால் அடுத்த அறைவரை கேட்கும். பாசி அம்பை எய்து, தரையில் பாசியைப் படரவிட்டு அதன்மேல் நடக்கலாம். மரத்தால் ஆன இடம் எங்கே கண்டாலும் கயிற்று அம்பை விட்டு ஏறலாம். எந்த வழியால் உள்ளே போவது என்பது எங்கள் விருப்பம்.

2014இல் வந்த புதியதில் பாசி அம்பே இல்லை. கயிற்று அம்பு இருக்கிறது, ஆனால் அவர்கள் குறித்துவைத்த உத்தரத்தில் மட்டும்தான் பிடிக்கும். நினைத்த இடத்தில் குதிக்கக்கூட முடியாது; விளையாட்டு அனுமதிக்கும் விளிம்பு வந்தால்தான் நாம் ஆட்டுவிக்கும் திருடன் கரெட் தாவுவான். கூரையில் நின்று எதிரே திறந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தாவ வழியில்லாமல் திரும்பி வந்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் விட்டுப்போனது. நகரத்துக்குள் ஒரு தெருவில் இருந்து அடுத்ததற்குப் போவதற்கும் ஜன்னலை நெம்பு, இடுக்கில் நுழை, லோடிங்குக்குக் காத்திரு என்று நேரம் போகிறது.

சத்தம்தான் மிக மோசம். பழைய நினைவில் இம்முறையும் ஃபேனை நிறுத்தினேன். சுவருக்கு அப்பால் நிற்பவன் காதருகில் பேசுவதுபோல் கேட்கிறது. அதே உரையாடல் திரும்பத் திரும்ப வருகிறது, ஒன்றின்மேல் ஒன்றாகவும் விழுகிறது. காதை நம்பி விளையாட வேண்டிய கேம் இது. பழையதில் கரெட்டுக்குக் குரல் கொடுத்த ஸ்டீபன் ரசலும் இல்லை, வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

இருட்டும் ஈரத் தெருக்களும் அழகாகத்தான் இருக்கின்றன. கடினத்தை நாமே அமைக்கலாம், ஃபோகஸ் என்ற சிறப்புப் பார்வையை முழுதாக நிறுத்தியும் விடலாம். அது நல்ல வேலை. ஆனால் எந்த செட்டிங்கை மாற்றினாலும் கயிறு நினைத்த இடத்தில் ஏறாது.

மூன்றாம் நாள் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “பிரித்ததை எடுக்க மாட்டோம், வேணுமென்றால் 1,500 தாறன்” என்றார். சொன்னது வேறு, தந்தது வேறு என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. அதனால் பழையதை விளையாடி வளர்ந்தவர்கள், வாங்கும் முன் பெட்டியில் ஆண்டைப் பாருங்கள். யூடியூபில் அரை மணி நேரமாவது யாரோ விளையாடுவதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டில் சாதாரண கொம்பியூட்டர் இருந்தால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் பழைய கேமின் ‘தீஃப் கோல்ட்’ பதிப்பை வாங்குங்கள். நான் வாங்கிய டிஸ்க்கைவிட விலை குறைவுதான். அதன்மேல் போட்டு விளையாட ரசிகர்கள் 2023இல் ‘த பிளாக் பரேட்’ என்று 10 புதிய கட்டங்களை இலவசமாகவே தந்திருக்கிறார்கள். அதில் மரத்தில் எய்த கயிறு மரத்தில் நிற்கிறது.